பாத்திரம் துலக்கும் எந்திரம்: விளம்பரத் தாளும் இயற்பியலும்

இரவு உணவு முடிந்து வீட்டார் எல்லோரும் எழுந்து சென்ற பின், சமையலறைத் தொட்டியை நீங்கள் ஒரு முறை எட்டிப் பார்த்ததுண்டா? ஐந்து பேர் உள்ள சாதாரணக் குடும்பமே என்றாலும் தட்டுகள், டம்ளர்கள், டபராக்கள், கரண்டிகள், குழம்புக் குண்டான், ரசச் சட்டி, பால் காய்ச்சிய பாத்திரம் என்று நாற்பது ஐம்பது பொருள்கள் அங்கே குவிந்து கிடக்கும். அவற்றை யாரோ ஒருவர் குனிந்து நின்று துலக்கியாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகவோ மனைவியாகவோதான் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் அது அம்மாவாக இருந்தது. அவர்களுக்கு மணிக்கட்டில் வலி வந்து, டம்ளரைப் பிடித்துத் திருகித் தேய்க்க முடியாமற் போனபோதுதான், கடைக்காரர்கள் 'டிஷ்வாஷர்' என்று அழைக்கும் பாத்திரம் துலக்கும் எந்திரத்தைப் பற்றி நான் எண்ணத் தொடங்கினேன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் ஆகையால், ஒரு பொருளை நன்கு ஆராய்ந்துதான் வாங்குவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதை இக்கட்டுரையின் நடுவில் காண்பீர்கள்.

கடையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட விளக்கம் ஒன்றைத் தருவார்கள். 'பதின்மூன்று பேருக்கு ஏற்றது', 'தண்ணீர் மிச்சம்', 'மின்சாரம் மிச்சம்', 'எட்டு வகைக் கழுவல்', '99.9 விழுக்காடு கிருமிகள் ஒழியும்' என்று அதில் வரிசையாக இருக்கும். ஒரு நூலை மதிப்பிடுவோர் அதில் எழுதியிருப்பதை மட்டுமல்லாமல், எழுதாமல் விட்டதையும் பார்ப்பார்கள். இந்த விளம்பரத் தாளையும் அவ்வாறே மதிப்பிட்டுப் பார்ப்போம்.

தேய்க்காமல் துலக்குவது எப்படி?

முதலில் எந்திரம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் நாரும் இல்லை, தூரிகையும் இல்லை. அடியில் ஒரு சிறு தொட்டியில் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. ஒரு பம்பு அதை எடுத்துச் சுழலும் கைகளுக்கு அனுப்புகிறது. அக்கைகளில் சாய்வாக இடப்பட்ட துளைகளின் வழியே நீர்த்தாரை பீறிடும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசை தோன்றிக் கை தானாகவே சுழல்கிறது. புல்வெளியில் நீர் தெளிக்கும் சுழற்குழாயும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கீழே விழும் நீர் வடிகட்டியின் வழியாகச் சென்று மீண்டும் பம்பை அடைகிறது. ஒரே நீர் திரும்பத் திரும்பப் பயன்படுவதால்தான் முழுக் கழுவலும் 10 முதல் 12 லிட்டருக்குள் முடிகிறது.

நீர்த்தாரை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிடாது. ஹென்கல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலார் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் ஒரு கருத்தைக் கூறினார். எந்தக் கழுவலுக்கும் நான்கு துணைகள் உண்டு. அவை வேதிப்பொருள், வெப்பம், காலம், இயக்க விசை. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். கையால் துலக்கும்போது நாம் விசையைக் கூட்டி, காலத்தையும் வெப்பத்தையும் குறைக்கிறோம். எந்திரத்தில் விசை குறைவு. ஆகவே அது நம் கை தாங்க முடியாத வெந்நீரையும், நம் தோலுக்கு ஆகாத காரம் மிகுந்த தூளையும், நம்மிடம் இல்லாத மூன்று மணி நேரப் பொறுமையையும் பயன்படுத்துகிறது. அத்தூளில் சோடியம் கார்பனேட்டு, வெளுக்கும் பொருள், மாவுப்பொருளையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகள் ஆகியவை இருக்கும். நுரை மட்டும் இருக்கக்கூடாது. நுரை வந்தால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும்; சுழலும் கை நின்றுவிடும். கையால் துலக்கும் சோப்புத் திரவத்தை எந்திரத்தில் ஊற்றக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

'பதின்மூன்று பேருக்கு ஏற்றது'

இந்தக் கணக்கு நம்முடையது அன்று. ஓர் ஆளுக்குரிய தொகுதி என்பது, ஐரோப்பிய மேசையில் ஒருவர் முன் வைக்கும் தட்டையான பெரிய தட்டு, சூப்புத் தட்டு, பழத் தட்டு, கோப்பை, கோப்பைத் தட்டு, கண்ணாடிக் குவளை, கத்தி, முட்கரண்டி, மூன்று வகைக் கரண்டி ஆகிய 11 பொருள்கள். தட்டையான பொருள்களை அடுக்கினால் பதின்மூன்று பேருக்குத் தாராளமாக இடம் உண்டு. நம் வீட்டுக் குண்டானும் வாணலியும் உள்ளே போனால் அந்தக் கணக்கு குலைந்துவிடும்.

ஆகவே எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள். வேறு மூன்று கேள்விகள் கேளுங்கள். கீழ்த்தட்டிலுள்ள கம்பிகளை மடக்க முடியுமா? மேல்தட்டின் உயரத்தை மாற்ற முடியுமா? உங்கள் வீட்டின் பெரிய குண்டானைக் கவிழ்த்து வைத்தால், சுழலும் கை அதில் இடிக்காமல் சுற்றுகிறதா? கடைக்குப் போகும்போது ஒரு குண்டானையும் இரண்டு டம்ளர்களையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இங்கே மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு கருத்து உண்டு. நீர்த்தாரை ஏறத்தாழ ஒளிக்கதிரைப் போல் நேர்கோட்டில் செல்கிறது. சுழலும் கையை ஒரு விளக்கு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அவ்விளக்கின் ஒளி எந்த இடத்தில் விழாதோ அந்த இடம் கழுவப்படாது. ஒரு தட்டின் நிழலில் இன்னொரு தட்டு நின்றால் அது அழுக்காகவே வெளிவரும். 'எந்திரம் சரியில்லை' என்று சொல்லப்படும் குறைகளில் பல, அடுக்கியவர் உண்டாக்கிய நிழல்கள்தாம்.

'தண்ணீர் மிச்சம்'

இது பாதி உண்மை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில், பல ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு பேருக்கான பாத்திரங்களைக் கையால் துலக்கச் செய்து அளந்தார்கள். சராசரியாக ஒருவர் நூறு லிட்டருக்கும் சற்று அதிகமான நீரைச் செலவிட்டார். எந்திரத்தை விற்போர் இந்த நூறு லிட்டரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அது ஓடும் குழாயடியில் துலக்கிப் பழகியவர்களின் அளவும் சேர்ந்த சராசரி. இரண்டு அகலப் பாத்திரங்களில் நீர் வைத்து, ஒன்றில் துலக்கி மற்றொன்றில் அலசும் நம் பாட்டிமாரின் முறை வேறு. எங்கள் வீட்டில் வாளியால் அளந்து பார்த்தேன். ஒரு நாள் பாத்திரங்களுக்கு அம்மா செலவிட்டது ஏறத்தாழ 45 லிட்டர். அதே வேலையைக் குழாயைத் திறந்துவிட்டு நான் செய்தபோது ஆனது 90 லிட்டர். எந்திரத்துக்கு 12 லிட்டர் போதும்; ஆனால் அதற்குள் வைக்க முடியாதவற்றைக் கையால் துலக்க இன்னும் 12 லிட்டர் ஆகிறது. ஆக, எந்திரத்தால் எனக்கு மிச்சம் 66 லிட்டர்; அம்மாவுக்கு மிச்சம் 21 லிட்டர்தான். உங்கள் வீட்டில் எவ்வளவு என்பதை ஒரு வாளியும் ஒரு நாளும் சொல்லிவிடும்.

எந்திரத்தில் வைக்கும் முன் ஒவ்வொரு தட்டையும் குழாயில் அலசினால் இந்த மிச்சமும் போய்விடும். எச்சிலையும் கறிவேப்பிலையையும் வழித்துப் போட்டால் போதும்.

'மின்சாரம் மிச்சம்'

பெரிய எந்திரத்தின் சிக்கனக் கழுவலுக்கு 0.75 முதல் 1 யூனிட் வரை மின்சாரம் ஆகும். 2021 மார்ச்சு முதல் ஐரோப்பாவில் நடப்பிலுள்ள புதிய முத்திரையில், நூறு கழுவல்களுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். அதை நூறால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணில் நமக்கு ஒரு சலுகை மறைந்திருக்கிறது. ஐரோப்பியச் சோதனையில் உள்ளே வரும் நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசு. நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதோ 30 பாகை. ஒரு கழுவலில் சூடாக்கப்படும் நீர் 8 லிட்டர் என்று கொள்வோம். 15 பாகை உயர்வுக்குத் தேவையான வெப்பம் 8 × 4.19 × 15, அதாவது ஏறத்தாழ 503 கிலோஜூல். ஒரு யூனிட் 3600 கிலோஜூல் ஆதலால், இது 0.14 யூனிட். இந்த அளவைக் கதிரவன் நமக்கு இலவசமாகத் தந்துவிடுகிறான்.

மூன்று மணி நேரம் ஓடும் கழுவலைக் கண்டு அஞ்ச வேண்டாம். செலவு சூடாக்குவதில்தான் இருக்கிறது, ஓடுவதில் இல்லை. பம்பு 60 வாட்டு எடுத்தால் மூன்று மணிக்கும் சேர்த்து 0.18 யூனிட்டுதான். 70 பாகை வரை சூடாக்கும் கடுங்கழுவலைவிட, 50 பாகையில் நீண்ட நேரம் ஓடும் சிக்கனக் கழுவலே மலிவானது. சின்னர் சொன்ன நான்கு துணைகளில் வெப்பத்தைக் குறைத்துக் காலத்தைக் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கழுவல் வகைகளையும் கிருமிகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு வகையில் நீங்கள் பயன்படுத்தப் போவது இரண்டு அல்லது மூன்று. எந்தக் கிருமி, எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரத்தில் என்று கூறாத 99.9 விழுக்காடு அறிவியல் எண் ஆகாது. சமையலறை அறுவைக் கூடமும் அன்று. பாத்திரம் பிசுக்கின்றி, ஈரமின்றி இருந்தால் வீட்டுக்குப் போதும்.

தாள் சொல்லாத முதற் செய்தி: அழுத்தம்

இனி என் தோல்விக் கதை. எந்திரம் வந்த முதல் இரண்டு நாட்கள் காலையில் ஓட்டினோம், நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் இரவு பாத்திரங்களை அடுக்கிக் கதவை மூடிப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் குழாய்ப் படம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. பாத்திரங்கள் காய்ந்த குழம்போடு அப்படியே இருந்தன. அன்று அவ்வளவையும் அம்மாதான், அந்தக் கையோடு, துலக்கினார்கள். 'நாப்பதாயிரம் குடுத்து இதெதுக்குக் கண்ணு' என்று மட்டும் கேட்டார்கள்.

பழுது பார்க்க வந்த இளைஞர் உள்வரும் குழாயின் அடைப்பானை மாற்றினார். அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டார். காலையில் ஓடியது, இரவில் மீண்டும் நின்றது. அடுத்த முறை வந்தவர், 'மெயின் போர்டு போயிருச்சுங்க சார், மாத்தணும்' என்றார். அதன் விலையைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பலகை பழுதானால் காலை, இரவு என்று பார்த்தா பழுதாகும்? காலைக்கும் இரவுக்கும் எங்கள் வீட்டில் வேறுபடுவது ஒன்றே ஒன்றுதான். காலையில் மோட்டார் ஓடி மாடித் தொட்டி நிறைந்திருக்கும். இரவில் அது வற்றிக் கிடக்கும்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். பொடி எழுத்தில் 'குறைந்த அளவு நீரழுத்தம் 0.5 பார்' என்று இருந்தது. பத்தாம் வகுப்பில் நாம் படித்த சூத்திரம் நினைவிருக்கும்:

அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்

ஒரு மீட்டர் உயர நீர் 0.098 பார் அழுத்தம் தரும். எங்கள் மொட்டைமாடித் தளம் 3.1 மீட்டர் உயரம். அதன் மேல் 0.6 மீட்டர் செங்கல் மேடை. தொட்டியில் நீர் நிறைந்தால் மேலும் ஒரு மீட்டர். எந்திரத்தின் அடைப்பான் தரையிலிருந்து 0.3 மீட்டர். தொட்டி நிறைந்திருக்கும்போது நிகர உயரம் 4.4 மீட்டர், அழுத்தம் 0.43 பார். வற்றியபோது 3.4 மீட்டர், 0.33 பார். நிறைந்தபோது எப்படியோ சமாளித்த எந்திரம், வற்றியபோது 'தண்ணீர் வரவில்லை' என்று நின்றுவிட்டது. எந்திரத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆண்டுதோறும் மாணவர்க்கு இந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக்காட்டும் நான், அதை என் வீட்டு மாடிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. குற்றம் என்னுடையது. விற்பனைத் தாளின் முகப்பில் இந்த எண்ணை அச்சிடாதது விற்போரின் குற்றம்.

தொட்டியை 2.5 மீட்டர் உயர இரும்புத் தாங்கியின் மேல் ஏற்றினேன். இப்போது வற்றிய நிலையிலும் 5.3 மீட்டர், அதாவது 0.52 பார் கிடைக்கிறது. நீர் ஓடும்போது குழாயின் உராய்வால் அழுத்தம் குறையும் ஆதலால், அரை அங்குலக் குழாயையும் முக்கால் அங்குலமாக மாற்றினேன். அதன்பின் எந்திரம் இரவிலும் நிற்கவில்லை.

ஒரு மாடி வீட்டின் தரைத்தளத்தில், தொட்டி தளத்தையொட்டி இருந்தால், உங்கள் நிலையும் இதுவே. 0.3 பார் அழுத்தத்தில் இயங்கும் எந்திரங்களும் உண்டு, அவற்றைத் தேடுங்கள். இல்லையேல் தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய அழுத்தப் பம்பு பொருத்த வேண்டும். தொட்டியை உயர்த்துவதானால், தளம் அந்தச் சுமையைத் தாங்குமா என்று கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 500 லிட்டர் நீர் அரை டன் எடை.

இரண்டாம் செய்தி: கடினநீர்

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சிய, மக்னீசிய உப்புகள் கரைந்துள்ளன. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு நீர் இல்லாவிடில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயத்தின் அளவு. 600 உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு கழுவலில் 10 லிட்டர் என்றால் 6 கிராம். ஆண்டுக்கு 300 கழுவல் என்றால் 1.8 கிலோ! நீரைச் சூடாக்கும்போது பைகார்பனேட்டு சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். 1.8 கிலோவில் ஒரு பகுதி படிந்தாலும் சூடேற்றிக்கும் நீர்த்துளைகளுக்கும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகவே நல்ல எந்திரங்களில் நீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று உள்ளது. அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சோடியம் தீர்ந்தபின் உப்பு நீரால் மணிகளைப் புதுப்பிக்க வேண்டும். மேற்சொன்ன 6 கிராமுக்குக் கோட்பாட்டளவில் 7 கிராம் உப்பு தேவை; நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். உப்பு தூயதாக இருக்க வேண்டும். கல்லுப்பில் நாம் நீக்க விரும்பும் கால்சியமும் மக்னீசியமுமே கலந்திருக்கும். அதை இட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கையேட்டில் கடினத்தன்மையை ஜெர்மன் பாகையில் தருவார்கள். ஒரு பாகை லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். உங்கள் நீரின் அளவை 17.8-ஆல் வகுத்தால் எந்திரத்தில் வைக்க வேண்டிய எண் கிடைக்கும். 600 என்றால் 34 பாகை. சில எந்திரங்கள் 50 பாகை வரை, அதாவது 890 மில்லிகிராம் வரை தாங்கும். உங்கள் நீர் அதற்கும் மேல் என்றால், தனியே மென்னீராக்கி பொருத்தாமல் எந்திரம் வாங்காதீர்கள். மென்மையாக்கும் பகுதியே இல்லாத எந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கடினநீர் வீட்டுக்கு அது ஆகாது. குடிநீர்ச் சுத்திகரிப்பான் கழித்துவிடும் நீரை எந்திரத்துக்குத் திருப்பலாமே என்று சிலர் எண்ணுவர். உப்புகள் அனைத்தும் செறிந்திருப்பது அந்த நீரில்தான்.

மாணவர்களே, இந்த அளவை அறிவது உங்களால் முடியும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் செய்யும் எடிடிஏ தரம்பார்த்தலுக்கு உங்கள் வீட்டு நீரையே கொண்டுசெல்லுங்கள். ஆசிரியர் மகிழ்வார், வீட்டிற்கும் பயன்படும்.

1886-இன் பாடம்

அமெரிக்காவின் இல்லினாய்சு மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி, 1886 டிசம்பர் 28-இல் இத்தகைய எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பித் தட்டுகளில் நிற்கும் பாத்திரங்களின்மேல் நீரைப் பீய்ச்சி அடிக்கும் முறை அவருடையது. 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அது பலரது கவனத்தைக் கவர்ந்தது. ஆனால் அதை வாங்கியவை உணவு விடுதிகளே, வீடுகள் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். மற்றொரு காரணம், அன்றைய வீடுகளில் போதிய வெந்நீர் வசதி இல்லை. பல ஊர்களில் நீர் கடினமானது. எந்திரம் ஆயத்தமாக இருந்தது. வீடு ஆயத்தமாக இல்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் என் வீட்டிலும் நடந்தது இதுவே. எந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டைச் சோதிக்க வேண்டும்.

எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது?

எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவை எந்திரத்துக்கு உகந்தவை. அலுமினியம் ஆகாது; காரம் அதை அரித்துக் கறுக்கச் செய்யும். ஆகவே அலுமினியக் குக்கரும் இட்லித் தட்டும் வெளியிலேயே இருக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லில் பல மாதங்கள் பழக்கி ஏற்றிய எண்ணெய்ப் பூச்சு ஒரே கழுவலில் போய், மறுநாள் துரு தலைகாட்டும். மண்சட்டி, கல்சட்டி, மரக் கரண்டி, பித்தளை, செம்பு ஆகியவையும் வேண்டாம். நம் சமையலறையில் எவர்சில்வர் பாதிக்கும் கீழ் என்றால், எந்திரம் உங்களுக்குப் பெரும் உதவி செய்யாது.

கவிழ்த்த டம்ளரின் அடிக்குழியில் நீர் தேங்கும். சற்றுச் சாய்த்து வையுங்கள். உலோகமும் பீங்கானும் வெப்பத்தைத் தேக்கிவைத்துத் தம் ஈரத்தைத் தாமே உலர்த்திக்கொள்ளும். பிளாஸ்டிக்கு விரைவில் ஆறிவிடுவதால் நனைந்தே வெளிவரும். அது எந்திரத்தின் குறை அன்று.

நீடித்து உழைக்குமா?

பழுதாகும் இடங்கள் சிலவே: நீர் வெளியேற்றும் பம்பு, உள்வரும் அடைப்பான், சூடேற்றி, மின்னணுப் பலகை. புளியங்கொட்டையும் கடுகும் பம்பில் சிக்காதிருக்க, வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். எலி, குழாயையும் கம்பியையும் கடிக்கும் வீடுகளில் அடிப்பகுதி மூடிய எந்திரமே நல்லது. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180-ஆகக் குறைந்தால், சூடேற்றியின் திறன் 61 விழுக்காடாகக் குறையும். திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளதல்லவா? கழுவல் அதற்கேற்ப நீளும். 16 ஆம்பியர் செருகுவாயும் சரியான நில இணைப்பும் கட்டாயம் வேண்டும். நீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் இடம் இது.

உங்கள் ஊரில் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா, பம்புக்கும் மின்னணுப் பலகைக்கும் இன்று என்ன விலை என்ற இரண்டையும் வாங்கும் முன்பே கேளுங்கள். விடை சொல்லாத கடையில் தள்ளுபடி எவ்வளவு தந்தாலும் வாங்க வேண்டாம்.

கட்டுப்படியாகுமா?

விலை 40,000 ரூபாய், வாழ்நாள் பத்தாண்டு, ஆண்டுக்கு 300 கழுவல் என்று கொள்வோம். ஒரு கழுவலுக்கு எந்திரத்தின் பங்கு 13 ரூபாய். தூள் அல்லது வில்லைக்கு 15 ரூபாய், உப்புக்கும் அலசு திரவத்துக்கும் 4 ரூபாய், யூனிட் 8 ரூபாய் வீதம் மின்சாரத்துக்கு 7 ரூபாய். ஆக மொத்தம் ஏறத்தாழ 39 ரூபாய். மாதம் 25 கழுவலுக்கு ஆயிரத்தை ஒட்டி வரும். ஐந்தாண்டில் எந்திரம் கெட்டால் அதன் பங்கு மட்டும் இருமடங்காகும். அதனால்தான் விலையைவிட உழைப்பை முதலில் பார்க்கச் சொல்கிறேன். பாதி நிரம்பிய நிலையில் ஓட்டாமல் இருப்பதும், வில்லைக்குப் பதில் தூளை அளவறிந்து இடுவதும் செலவைக் குறைக்கும்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் காலையில் வந்து உதவி செய்யும் அம்மையாரை எந்திரம் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். கணக்குப் பார்த்தால் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. தோசைக்கல்லும் குக்கரும் குண்டானும் இன்னும் கையால்தான் துலக்க வேண்டியிருக்கின்றன. அவர் வருகிறார், நேரம்தான் குறைந்திருக்கிறது, ஊதியம் குறையவில்லை. உங்கள் வீட்டில் இந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். விளம்பரத் தாளில் இதற்கு இடமே இல்லை.

முடிவாகச் சில சொற்கள். கடைக்குப் போகும் முன் ஐந்து செய்திகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. தொட்டியின் அடியிலிருந்து எந்திரம் நிற்கும் இடம் வரை உயரம் எத்தனை மீட்டர்? அதைப் பத்தால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை பார் என்பது கிடைக்கும்.

2. நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?

3. நாள்தோறும் துலக்கும் பாத்திரங்களில் எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி எத்தனை பங்கு?

4. இரவில் மின்னழுத்தம் எவ்வளவு? நில இணைப்பு சரியாக உள்ளதா?

5. பழுது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?

இந்த ஐந்தும் சாதகமாக இருந்தால், மடக்கும் கம்பிகளும் மென்மையாக்கும் பகுதியும் கொண்ட எளிய எந்திரம் ஒன்றைத் தயங்காமல் வாங்கலாம். விலையுயர்ந்த வகை தேவையில்லை. இரண்டு சாதகமாக இல்லை என்றால், முதலில் தொட்டியையும் குழாயையும் சரிசெய்யுங்கள். எந்திரம் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரை மணிக்குப் பாத்திரங்களை அடுக்குவது என் வேலை. நிழல் விழாமல் அடுக்க வேண்டும் என்று கட்டுரையில் எழுதிவிட்டேனே! காலையில் அவற்றை எடுத்து அலமாரியில் வைப்பது அம்மாவின் வேலை. டம்ளர்களைத் திருகித் தேய்க்க வேண்டியதில்லை என்பதால் மணிக்கட்டு வலி சற்று அடங்கியிருக்கிறது. எப்போதாவது ஒரு டம்ளரை ஒளியில் தூக்கிப் பார்த்து, 'இது நான் தேச்ச மாதிரி இல்லயே கண்ணு' என்பார்கள். அந்த மதிப்புரைக்கு என்னிடம் மறுப்பு இல்லை.